தோட்டத்தை விற்றுவிடலாமா, டீச்சர்?

  இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். பேசப்போவதும் அதைப் பற்றித்தான்.

போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையன் போன் செய்தான். பையன் என்கிறேன், அவனுக்கே இப்போது இரண்டு பிள்ளைகள். கோத்தகிரிப் பக்கம் அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. "டீச்சர், கூலி கொடுத்து, உரம் போட்டு, வருஷக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்கவில்லை. காட்டேஜ் கட்ட ஒருத்தர் இடத்தைக் கேட்கிறார். விற்றுவிடலாமா?" என்று கேட்டான்.

வகுப்பில் கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லிப் பழகியவள் நான். இதற்கு வாய் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். ஒரு வாரம் யோசித்த பதில் இது. இதே கேள்வி உங்களில் பலருக்கும் இருக்கும் என்பதால் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

முதலில், இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று புதிய தலைமுறை கேட்கலாம். நான் பிறந்தது இலங்கை மலையகத்தில், ஒரு லயத்து வீட்டில். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தின்படி எங்கள் குடும்பம் 1973-ல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து இறங்கியது. எனக்கு அப்போது 12 வயது. எங்களைப் போல வந்தவர்களுக்காக 1968-ல் வனத்துறை தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் அப்பா, அம்மா இருவருக்கும் வேலை கிடைத்தது. அதுதான் 1976-ல் டான்டீ என்ற கழகமானது. அந்தச் சம்பளத்தில்தான் நான் ஆசிரியர் பயிற்சி முடித்தேன். பிறகு சேமநிதியில் கடன் வாங்கி, நானும் உங்கள் சாரும் ஒரு ஏக்கர் தேயிலை வாங்கினோம். கொழுந்து எடுத்த கூலிக்காரரின் மகள் நான், இன்று கூலி கொடுப்பவளும் நான். தராசின் இரண்டு பக்கமும் நின்று பார்த்திருக்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். தேயிலை வாரியத்தின் விலைப் பங்கீட்டு முறைப்படி, தூள் விற்ற பணத்தில் 100-க்கு 65 இலை கொடுத்தவருக்கு, 35 தொழிற்சாலைக்கு. குன்னூர் ஏலத்தில் தூள் கிலோ 100 ரூபாய்க்குப் போனால், 65-ஐ நாலரையால் வகுங்கள். இலை கிலோவுக்கு 14 ரூபாய் சொச்சம். அவ்வளவுதான்.

2023-ல் நம் மாவட்டத்து விவசாயிகள் இலைக்கு 33 ரூபாய் 50 காசு ஆதாரவிலை கேட்டுத் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். கேட்டதில் தப்பே இல்லை. உரம், மருந்து, கூலி எல்லாம் ஏறியிருக்கும்போது வேறென்ன கேட்பது? ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இலைக்கு 33.50 கிடைக்க, தூள் கிலோ சுமார் 232 ரூபாய்க்கு விற்க வேண்டும். நம் தூள் அந்தச் சமயம் விற்றது ஏறக்குறைய அதில் பாதிக்கு. மீதியை அரசு மானியமாகக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் மானியம் காய்ச்சலுக்குப் போடும் ஈரத்துணி மாதிரி. காய்ச்சல் எதனால் என்றும் பார்க்க வேண்டுமே.

என் அம்மா ஒருமுறை என் தோட்டத்துக்கு வந்திருந்தார். ஆள் கிடைக்காத சமயம், கத்திரி வைத்து இலை வெட்டிக்கொண்டிருந்தோம். சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது கொழுந்து எடுக்கிறதா, புல்லு வெட்டுறதா?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. "அந்தக் காலம் மாதிரி ஆள் எங்கம்மா கிடைக்குது?" என்றேன். அவர் பேசவில்லை. சாக்கில் கையை விட்டு ஒரு பிடி இலையை எடுத்து ஒவ்வொரு காம்பாக மடித்துக் காட்டினார். இளங்கொழுந்து பட்டென்று ஒடிந்தது. மற்றதெல்லாம் நார் நாராகத் தொங்கியது. ஒரு பிடியில் பாதிக்கு மேல் நார்.

பிள்ளைகளே, நம் பிரச்சினையின் பாதி அந்தப் பிடிக்குள் இருந்தது.

தொழிற்சாலைக்குள் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ தூள் எடுக்க, ஏறக்குறைய மூன்றரை லிட்டர் தண்ணீரை முதலில் காற்றில் வாடவைத்தும் பிறகு நெருப்பில் உலர்த்தியும் விரட்ட வேண்டும். நெருப்புக்கு நம் ஊரில் விறகுதான், பெரும்பாலும் கற்பூர மரம். முற்றிய இலையானாலும் கொழுந்தானாலும் எரிகிற விறகு எரியத்தான் செய்யும். மின்சாரம், கூலி, லாரி வாடகை எல்லாம் அதேதான். ஆனால் முற்றிய இலையில் வருவது நாரும் சக்கையும். சிடிசி இயந்திரம் எதைப் போட்டாலும் நறுக்கித் தூளாக்கிவிடும், அது உண்மை. ஆனால் ஏலத்துக்கு முன்னால் சுவை பார்ப்பவர் நாக்கை ஏமாற்ற முடியாது. சாக்கில் அடைத்து அழுத்தி, வெயிலில் கிடந்து சூடேறிச் சிவந்த இலைக்கும் இதே கதிதான். மலையில் மரத்தை வெட்டி எரித்து, மலிவான தூளைச் செய்துகொண்டிருக்கிறோம். இதற்கு வளர்ச்சி என்று பேரும் இல்லை, இது நிலைக்கவும் நிலைக்காது.

அப்படியானால் விவசாயிதான் குற்றவாளியா? அவசரப்பட வேண்டாம். கத்திரியை ஏன் எடுத்தோம் என்பதையும் கணக்குப் போட வேண்டும். என் தோட்டத்தில் கையால் எடுத்தால் ஒருவர் ஒரு நாளைக்கு 25 கிலோ எடுப்பார். நான் கொடுக்கும் கூலி 450 ரூபாய். இலைக்கு 14 ரூபாய் என்றால் 25 கிலோவுக்கு 350. உரம் போடுவதற்கு முன்பே 100 ரூபாய் நஷ்டம். கத்திரியில் 60 கிலோ வெட்டலாம், 840 ரூபாய் வரும். இந்தக் கணக்கு தெரிந்தவன் எவனும் கத்திரியைத்தான் எடுப்பான். நானும் எடுத்தேன்.

ஏன் இப்படி? தராசு எடையை மட்டும் பார்க்கிறது. நல்ல இலைக்கும் 14, நார் இலைக்கும் 14. நான் ஒரு உண்மை நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊர் மகளிர் குழுவில் நாங்கள் ஆறு பேர், இரண்டு இலை ஒரு மொட்டு என்று பார்த்துப் பார்த்து எடுத்து, வலைப் பையில் போட்டு, தனியாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். இலை வாங்கும் இடத்தில் இருந்தவர், "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்று பாராட்டிவிட்டு, எல்லா இலையும் கிடந்த அதே குவியலில் கொட்டினார். விலையும் அதே விலைதான். மூன்றாவது வாரம் நாங்கள் ஆறு பேரும் கத்திரிக்குத் திரும்பிவிட்டோம். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் புத்தகமே திறக்காத பிள்ளைக்கும் ஒரே மதிப்பெண் போட்டால் வகுப்பு என்ன ஆகும்? 34 வருடம் திருத்திய பேனாவை வைத்துக்கொண்டு சொல்கிறேன், எல்லோரும் திறக்காதவனாகிவிடுவார்கள்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். 1998-ல் நல்ல விலை விற்ற இலை, இரண்டே வருடத்தில் அடிமட்டத்துக்கு விழுந்தது. பெரியவர்களுக்கு அந்தப் போராட்டங்கள் ஞாபகம் இருக்கும். அந்த நாட்களில் கூட்டுறவுத் தொழிற்சாலையில் உறுப்பினராக இருந்துகொண்டே, கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுத்த வெளி ஏஜென்டுக்கு இலையை விற்றேன். நான் மட்டுமா, ஊரே விற்றது. இலை குறைந்ததால் தொழிற்சாலை பாதி நாள்தான் ஓடியது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் சம்பளமும் கடன் வட்டியும் உண்டு. ஒரு கிலோ தூளுக்கான செலவு ஏறியது. எங்களுக்கு அது கொடுக்கும் விலை இன்னும் இறங்கியது. அப்புறம் ஏஜென்டும் விலையை இறக்கினார். வீட்டுக் கூரையைப் பிரித்து அடுப்பெரித்தது போல ஆனது எங்கள் புத்திசாலித்தனம்.

நீலகிரியில் இன்ட்கோசர்வ் கூட்டமைப்பின்கீழ் 16 கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. சுமார் 30,000 சிறு விவசாயிகள் உறுப்பினர்கள். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர்க்காரர்களே சேர்ந்து சொந்தமாக வைத்திருக்கும் தொழிற்சாலை என்பது சாதாரண விஷயமில்லை. என் அப்பாவுக்கு அவர் எடுத்த கொழுந்து எந்தக் கப்பலில் எங்கே போனது என்றே தெரியாது. நமக்கு ஆண்டுப் பொதுக்குழுவில் எழுந்து கேள்வி கேட்கும் உரிமை இருக்கிறது. நாம் அங்கே போவது பிஸ்கட்டும் டீயும் கொடுக்கும்போதுதான்.

ஆகவே என் கருத்து இதுதான். விலை உயர்வு கேட்பதோடு, தரத்துக்கு ஏற்ற விலையையும் நாம் கேட்க வேண்டும். இலை வாங்கும் இடத்தில் இரண்டு தராசு இருக்கட்டும். ஒவ்வொருவர் பையிலிருந்தும் 100 கிராம் எடுத்துப் பிரித்து, கொழுந்து எவ்வளவு, முற்றியது எவ்வளவு என்று அவர் கண் முன்னாலேயே நிறுத்து, சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். நல்ல இலையைத் தனியாக ஓட்டி, நல்ல தூளாக விற்று, அந்த விலையை அந்த இலை கொடுத்தவருக்கே தரட்டும்.

நடக்கிற காரியமா? மறுபடியும் பென்சில். நல்ல இலைக்கு 22 ரூபாய் கிடைத்தால், 25 கிலோவுக்கு 550. கூலி போக 100 நிற்கும். உரமும் மருந்தும் அதிலிருந்துதான் என்பதால் பெரிய லாபமில்லை, ஆனால் கைநஷ்டம் நிற்கும். 22 ரூபாய் கொடுக்கத் தூள் சுமார் 152 ரூபாய்க்கு விற்க வேண்டும். 232 எட்டாத கிளை. 152 அப்படியில்லை. நம் நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. குளிர் மாதங்களில் மெதுவாக வளரும் நம் கொழுந்தின் மணத்துக்கு வெளிநாட்டில் மதிப்பு உண்டு. நல்ல தூளுக்கு அந்த விலை குன்னூர் ஏலத்துக்குப் புதிதல்ல. முழுத் தோட்டத்தையும் கையால் எடுக்க வேண்டாம். கால் பங்கில் தொடங்கலாம். மீதியில் கத்திரி ஓடட்டும்.

உடனே சிலர், "இயற்கை விவசாயத்துக்கு மாறினால் எல்லாம் சரியாகும் டீச்சர்" என்று எழுதுவீர்கள். மாறலாம், ஆனால் படிப்படியாக. இலங்கையில் 2021-ல் ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தினார்கள். அங்கிருக்கும் நம் சொந்தக்காரர்களைக் கேளுங்கள், தேயிலைக்கு என்ன ஆனது என்று சொல்வார்கள். அந்த வருடம் முடிவதற்குள் அரசே பின்வாங்கியது. பல வருடம் யூரியாவுக்குப் பழகிய மண் ஒரே நாளில் மாறாது. அதற்காக மண்ணைக் கவனிக்காமல் விடவும் கூடாது. கவாத்து செய்யும் வருடம் மண்ணைச் சோதித்து, புளிப்பு அதிகமென்றால் டோலமைட் போடுங்கள். கவாத்துக் குச்சிகளை அடுப்புக்குத் தூக்காமல் செடிக்கடியிலேயே விடுங்கள். தேயிலை வராத சரிவில் தொழிற்சாலைக்கென்று விறகு மரம் வையுங்கள், சோலைக்காடு தப்பிக்கும். இதெல்லாம் பெரிய செலவில்லை. ஆனால் கையில் காசு நிற்காதவன் மண்ணைப் பற்றி யோசிக்க மாட்டான். அதனால்தான் முதலில் தராசைச் சரிசெய்வோம் என்கிறேன்.

இப்போது, போன் செய்த பிள்ளைக்கு என் பதில்.

கண்ணு, விற்காதே என்று கட்டளையிட எனக்கு உரிமையில்லை. உன் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை நான் கட்டப்போவதில்லை. ஆனால் ஒன்றை நினைத்துப் பார். தேயிலைச் செடி நூறு வருடம் நிற்கும், கவாத்து செய்தால் மறுபடி துளிர்க்கும். காட்டேஜுக்காக ஜேசிபி தோண்டிய சரிவு திரும்பத் தேயிலையாகாது. இரண்டு வருடம் பொறு. கால் பங்குத் தோட்டத்தில் நல்ல கொழுந்து எடு. உன் ஊரில் இன்னும் ஐந்து பேரைச் சேர். அடுத்த பொதுக்குழுவில் இரண்டாவது தராசு கேட்டு மனு கொடு. நானும் வந்து பின்வரிசையில் உட்காருகிறேன். எங்கள் ஆறு பேரால் முடியாமல் போனது, மூன்று வாரத்தில் நாங்கள் கைவிட்டதாலும்தான். அறுபது பேர் கொண்டுவந்து கொட்டினால் அதே குவியலில் கலக்க அவர்களுக்கும் மனம் வராது.

அதற்குப் பிறகும் கணக்கு உதைத்தால், விற்றுவிடு. டீச்சர் திட்ட மாட்டேன்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் வேலை உண்டு. உங்கள் வீட்டு இலை எந்தத் தொழிற்சாலைக்குப் போகிறது, போன மாதம் என்ன விலை போட்டார்கள் என்று இன்றைக்கே அம்மா அப்பாவுக்குப் போன் செய்து கேளுங்கள். எத்தனை பேருக்குத் தெரிந்தது என்று கீழே எழுதுங்கள். என் கணக்கில் தப்பிருந்தாலும் எழுதுங்கள். டீச்சர் கணக்கைத் திருத்தும் வாய்ப்பு அடிக்கடி கிடைக்காது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்