செவ்வாய்க்கிழமை அச்சடிக்காத கம்ப்யூட்டர்

போன மாதம் ராத்திரி கண் விழித்து எழுதிய கட்டுரையைக் காலையில் காணோம். 'சேமிக்கப்பட்டது' என்று திரை சொன்னதை நம்பித்தான் படுக்கப் போயிருந்தேன். வந்த கோபத்தில், அந்த இலவச மென்பொருளை உருவாக்கியவருக்கு ஒரு மெயில் தட்டினேன். “உங்கள் மென்பொருள் வேலை செய்யவில்லை. உடனே சரி செய்யவும்.” கூடவே மூன்று ஆச்சரியக்குறி.

மறுநாள் பதில் வந்தது. “மன்னிக்கவும். என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது? வரிசையாகச் சொல்ல முடியுமா? பகலில் ஆபீஸ் வேலை. குழந்தை தூங்கிய பிறகுதான் இதைப் பார்க்கிறேன்.”

வெட்கமாகப் போய்விட்டது. ஐந்து வருடமாக அவர் உழைப்பை ஓசியில் அனுபவிக்கிறேன். ஒரு நன்றி சொன்னதில்லை. முதல் மெயிலே அதட்டல்!

ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ், விஎல்சி மாதிரி, யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள்களை 'ஓப்பன் சோர்ஸ்' என்கிறார்கள். பெரியவற்றுக்குச் சம்பளத்துக்கு ஆள் உண்டு. சின்னச் சின்ன மென்பொருள்கள் பலவற்றின் பின்னால் இப்படி ஒரே ஒருத்தர்தான். கோளாறு நடந்தது என் வீட்டுக் கம்ப்யூட்டரில். அவர் எப்படிப் பார்ப்பார்? புதுசாகக் கல்யாணமான பெண் அம்மாவுக்கு போன் போட்டு, “ரசம் நல்லா வரலைம்மா” என்றால், “புளி எவ்வளவு கரைச்சே? எப்ப இறக்கினே?” என்றுதானே அம்மா கேட்பாள்? அதையேதான் இவரும் கேட்டார்.

ஒன்றுக்கும் உதவாது என்று நாம் நினைக்கிற விவரத்தில்தான் விஷயமே இருக்கும். இதற்கு அருமையான கதை ஒன்று உண்டு. 2009-ல் உபுண்டு பயன்படுத்தும் ஒருவர் ஒரு புகார் எழுதினார். செவ்வாய்க்கிழமைகளில் ஓப்பன் ஆபீஸிலிருந்து எதுவுமே பிரிண்ட் ஆவதில்லை என்று மனைவி சொல்கிறாராம்! நம் ஊரென்றால் 'செவ்வாயோ வெறுவாயோ' என்று சொல்லிவிட்டுப் புதன்கிழமைக்குக் காத்திருப்போம். அவர் சோதித்துப் பார்த்தார். மனைவி சொன்னது நிஜம்.

பிரிண்டருக்குப் போகும் கோப்பின் தொடக்கத்தில் கிழமையோடு தேதி பதிவாகும். ஒரு கோப்பு என்ன வகை என்று பார்த்துச் சொல்ல ஒரு குட்டி நிரல் இருக்கிறது. செவ்வாயின் ஆங்கிலச் சுருக்கமான மூன்று எழுத்தைக் கண்டதும் அது, 'இது எர்லாங் என்ற கணினி மொழிக் கோப்பு' என்று தப்பாக முடிவு கட்டிவிட்டது. ஓப்பன் ஆபீஸ் மேலும் தப்பில்லை, பிரிண்டர் மேலும் தப்பில்லை. அந்த அம்மா மட்டும் கிழமையைக் கவனிக்காமல், “சில நாள் வரலை” என்று சொல்லியிருந்தால் எத்தனை வருடம் தேடியிருப்பார்களோ!

நானும் உட்கார்ந்தேன். 'வைரஸாக இருக்குமோ' என்ற என் ஊகத்தை ஓரமாக வைத்துவிட்டு, நடந்ததை மறுபடி நடத்திக் காட்ட முடிகிறதா என்று பார்த்தேன். கட்டுரையின் தலைப்பையே கோப்புக்குப் பெயராக வைப்பது என் வழக்கம். சின்னத் தலைப்பு என்றால் ஒழுங்காகச் சேமித்தது. நீளமான தமிழ்த் தலைப்பில் மட்டும் ஏமாற்றியது. அதே நீளத்துக்கு ஆங்கிலத்தில் வைத்தேன். ஒரு தொந்தரவும் இல்லை!

இதே புகாரை வேறு யாராவது முன்பே எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். இல்லை. பிறகு எனக்குத் தெரிந்த எளிய ஆங்கிலத்தில் எழுதினேன். லினக்ஸில் எந்தப் பதிப்பு, மென்பொருளின் பதிப்பு எண் என்ன, திறந்ததிலிருந்து அழுத்திய ஒவ்வொரு பொத்தானும், திரையில் வந்த வாசகம் எழுத்து மாறாமல். சொந்த விஷயம் எதுவும் இல்லாத ஒரு மாதிரிக் கோப்பையும் இணைத்தேன். மெனுவின் எழுத்து சிறிதாக இருக்கிறது என்று இன்னொரு குறையும் மனதில் இருந்தது. அதை இதில் கலக்கவில்லை, தனியாக எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். முதலில் அனுப்பிய மெயிலுக்கு மன்னிப்பும் கேட்டேன்.

இரண்டே நாளில் பிடித்துவிட்டார். லினக்ஸில் பொதுவாக ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். நம் 'க'வுக்கு மூன்று வேண்டும். 'கோ'வுக்கு ஆறு! இடம் போதாமல் சேமிப்பு தோற்றதை அவர் மென்பொருள் கவனிக்காமல், 'சேமிக்கப்பட்டது' என்று புளுகியிருக்கிறது. “என் சோதனைகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான். நீங்கள் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது” என்று எழுதியிருந்தார்.

திருத்திய பதிப்பைச் சோதிக்க அனுப்பியிருக்கிறார். இந்தக் கட்டுரையை அதில்தான் அடித்தேன். வேண்டுமென்றே இரண்டு வரிக்கு ஒரு பெயர் வைத்துச் சேமித்தேன். 'பெயர் மிக நீளம், சுருக்கவும்' என்று நின்றது. சுருக்கினேன். மேலே இருப்பதுதான் அது.