சிவகங்கை ஊர் பேரு, வைரஸ் பேரு இல்ல



இருமலும் காய்ச்சலும் பரவுற நேரத்துல அன்னதான வரிசையில ஒரு கேள்வி தவறாம வரும்: "இத யாரு, எந்த ஊர்லேர்ந்து கொண்டு வந்தது?" இன்னமும் சிலர் "சிவகங்கை வைரஸ்"னு பேசுறாங்க. பங்சார் கோயில் தொண்டர்களான நாங்க இதுல எங்க கருத்தச் சொல்லிடுறோம். அந்தப் பேரு தப்பு.

2020-ல, சிவகங்கையிலேர்ந்து கெடாவுக்குத் திரும்பின ஒருத்தர் மூலமா தொற்று பரவினதால அந்த கிளஸ்டருக்கு அப்படிப் பேரு வந்துச்சு. தனிமைப்படுத்தல் விதிய மீறினதுக்கு நீதிமன்றம் தண்டனை கொடுத்துச்சு. அது சரிதான். ஆனா ஊர் என்ன தப்பு பண்ணுச்சு?

ஆகஸ்ட் 16-ல, அப்போதைய சுகாதாரத் தலைமை இயக்குநர் டான் ஸ்ரீ நோர் ஹிஷாம் ஒரு தகவல் சொன்னார். நாலு பேர்கிட்ட எடுத்த வைரஸ்ல டி614ஜி என்ற மாற்றம் இருந்துச்சு. மூணு பேரு சிவகங்கை கிளஸ்டர், ஒருத்தர் ஜோகூர் உலு திராம் கிளஸ்டர். "உலு திராம் வைரஸ்"னு யாரும் சொல்லி நாங்க கேட்டதில்ல!

டி614ஜி-னா என்ன? வைரஸ் மேல முள்ளு மாதிரி நிக்கிறது ஸ்பைக் புரதம். 1,273 அமினோ அமிலங்கள், மாலையில மணி கோத்த மாதிரி. வைரஸ் தன்னை நகல் எடுக்கும்போது ஒரு பிழை. 614-ஆவது மணியில அஸ்பார்டிக் அமிலம் போய் கிளைசின் வந்துடுச்சு. அதனால அந்த முள்ளு இன்னும் கொஞ்சம் விரிஞ்சு நின்னு, நம்ம செல்லுல இருக்கிற ஏசிஇ2 புரதத்தைச் சுலபமா பிடிச்சுக்குச்சு. பரவுறது வேகமாச்சு. இந்த மாற்றம் சிவகங்கையில பிறந்ததும் இல்ல. 2020 நடுவுலயே உலகம் முழுக்க பரவியிருந்த வைரஸ்ல பெரும்பாலும் இதுதான் இருந்துச்சு.

ஏசிஇ2 நம்ம எல்லாருக்கும் மூக்குல, நுரையீரல்ல, குடல்ல இருக்கு. கருவறையில நிக்கிற குருக்களுக்கும், வரிசையில நிக்கிற பாட்டிக்கும், வாசல்ல காத்திருக்கிற கிராப் டிரைவருக்கும் ஒண்ணுதான். பாஸ்போர்ட்டையும் சாதியையும் நாமதான் பார்க்கிறோம், வைரஸ் பார்க்காது.

நம்ம நாட்டுக்கே இந்த வலி தெரியும். 1999-ல நம்ம பக்கத்துல இருக்கிற மலாயா பல்கலைக்கழகத்துல கண்டுபிடிச்ச வைரஸுக்கு நெகிரி செம்பிலான் சுங்கை நிப்பா கிராமத்தோட பேரை வச்சாங்க. இன்னைக்கும் அந்தப் பேரு ஒட்டிக்கிட்டிருக்கு. புது நோய்களுக்கு ஊர் பேரு வைக்காதீங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொன்னதே 2015-லதான்.

பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் இருக்கிற மாவட்டம் சிவகங்கை. நம்மள்ல பல பேரோட தாத்தா பாட்டி கப்பலேறி வந்த சீமை அது. அந்தப் பேரை நோயோட சேர்த்துச் சொல்ல நம்ம வாய் எப்படி வருது?

ஊரைத் தேடுறத விட்டுட்டு செய்ய வேண்டியதச் செய்வோம். இருமல் இருந்தா முகக்கவசம் போடுங்க. காய்ச்சல்னா வீட்லயே ஓய்வெடுங்க. சொல்லி அனுப்புனா பிரசாதத்த நாங்களே வாசல்ல கொண்டாந்து தர்றோம். வரிசையில யாராவது இருமினா, "எந்த ஊரு?"ன்னு கேக்காதீங்க. "சுடுதண்ணி வேணுமா?"ன்னு கேளுங்க.

ஓம் நமசிவாய 🙏