வீக்கமெல்லாம் புற்றன்று



பந்தல்குடிப் பக்கத்துக் கரிசலில் உழைத்து மூப்பெய்திய பெரியவர்கள் பலர், சிறுநீர் கழிக்க இரவில் நாலைந்து முறை எழுகிறார்கள். ஞாயிறு பூசையின் நடுவிலும் வெளியே செல்ல நேர்கிறது. ஆயினும் வாய்விட்டுச் சொல்ல நாணம். மருத்துவர், "சதை எடுத்துப் பார்க்க வேண்டும்" என்றதும் புற்றுநோயே என்று வீடு கலங்குகிறது. "ஊசி பட்டால் நோய் பரவும்" என்ற பேச்சைக் கேட்டுச் சோதனையைத் தவிர்ப்போரும் உண்டு. அவ்வாறு பரவுவது மிக மிக அரிது.

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்திருப்பது புரோஸ்டேட் சுரப்பி. 50 வயதுக்கு மேல் அது பருப்பது பெரும்பாலும் மூப்பின் விளைவு. இரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு கூடுவதும் முடிவான தீர்ப்பன்று. சாதாரண வீக்கத்திலும் கிருமித் தொற்றிலும் அது கூடும். ஐயத்தைத் தெளிவிப்பது திசுச் சோதனையே.

வழக்கமாக 10 முதல் 12 மெல்லிய துணுக்குகளை ஊசியால் எடுப்பர். அவற்றை மெழுகில் பதித்து, மெலிதாகச் சீவி, சாயமேற்றி, நோயியல் நிபுணர் நுண்ணோக்கியில் காண்கிறார். நல்ல சுரப்பியின் நுண்குழல்களில் உள்ளும் வெளியுமாக இரு செல் வரிசைகள் உண்டு. புற்றில் வெளிவரிசை மறைந்துவிடுகிறது. வேலியிழந்த தோட்டம் போல.

சில வேளை, சுருங்கிய அல்லது அழற்சியுற்ற நல்ல திசுவும் புற்றுப்போலத் தோன்றும். அப்போது பி-63 என்னும் சோதனையால் வெளிவரிசை உள்ளதா என்று பார்ப்பர். புற்றில் மிகுதியாகக் காணும் 'ரேசிமேஸ்' என்னும் புரதத்தையும் தேடுவர். எந்த ஒரு குறியையும் தனித்து நம்பாமல், அனைத்தையும் சேர்த்தே முடிவு கூறுவர். புற்று உறுதியானால், அமெரிக்க மருத்துவர் கிளீசன் 1966-இல் வெளியிட்ட முறையின் வழிவந்த தரவரிசையால் அதன் வேகத்தை மதிப்பிடுவர். வேகம் குறைந்தவற்றுள் பலவற்றை அறுவையின்றிக் கண்காணித்தே வரலாம்.

அறிக்கையில் 'ஐயத்துக்குரியது' என்றிருந்தால் மனம் தளர வேண்டாம். மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டுப் பெற்று, வேறொரு நிபுணரிடம் காட்டலாம். பல வேளைகளில் மீண்டும் ஊசி தேவைப்படாது. 'புற்று இல்லை' என்று வந்தாலும், ஊசி படாத இடத்தில் நோய் இருக்கக்கூடும். ஆகவே மருத்துவர் குறித்த நாளில் மறுபடி செல்க. சோதனைக்குப்பின் குளிர்காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவமனைக்கு விரைக.

மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது. விருதுநகரில் 2022-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. தந்தையின் நாணம் நீங்கும்வரை காத்திராமல், பிள்ளைகளே, நீங்கள் முதலில் கேளுங்கள்.