மலரில் இடம்பெறாத ஒரு பக்கம்

கடந்த மே மாதம் எங்கள் பிளஸ் டூ பேட்ச்சின் 15-ஆம் ஆண்டுச் சந்திப்பு நடந்தது. திருநெல்வேலிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 2010-இல் படித்து முடித்தவர்கள் நாங்கள். கல்யாண மண்டபம், பிரியாணி, எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட், ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்குப் பொன்னாடை, கூடவே ஒரு நினைவு மலர். மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். பிஎச்.டி. படிக்கிறவன், எழுதத் தெரிந்தவன் என்று என்மேல் ஒரு நம்பிக்கை.

எழுதி அனுப்பினேன். மறுநாள் காலை மலர்க் குழுவில் இருந்த நண்பனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. "டாக்டரே, ரொம்ப நல்லா எழுதியிருக்க. படிக்கையில கண்ணு கலங்கிட்டு. ஆனா அந்த சைக்கிள் விஷயம் மட்டும் வேண்டாம், எடுத்துரு. நம்ம பேட்ச்ல சாதியெல்லாம் யாருல பாத்தா?"

அவன் கெட்டவன் இல்லை. பிளஸ் டூவில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது இரண்டு வாரம் நோட்ஸ் எழுதிக் கொடுத்தவன். சொன்னதை உண்மையாகவே நம்பித்தான் சொல்கிறான். எனக்குச் சிக்கலே அங்கேதான். நான் சைக்கிள் விஷயத்தை எடுக்கவில்லை. அவர்கள் என் பக்கத்தையே எடுத்துவிட்டார்கள். அங்கே வராததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கும் அந்தப் பள்ளியைப் பிடிக்கும். மின்சாரம் போனால் வேப்பமரத்தடியில் வகுப்பெடுத்த விலங்கியல் ஆசிரியரைப் பிடிக்கும். அவர் கரும்பலகையில் வரைந்த தவளையின் இதயம் இன்றும் என் கண்ணுக்குள் இருக்கிறது. கடைசி நாளன்று ஒருவர் சட்டையில் ஒருவர் இங்க் அடித்துக்கொண்டு அழுதோம். ஸ்லாம் புக்கில் 'மறக்காதே' என்று எழுதாதவர் இல்லை. அந்த அழுகை பொய் இல்லை. எங்கள் குடும்பத்தில் பிளஸ் டூ முடித்த முதல் ஆள் நான். அந்தக் கட்டடம் இல்லையென்றால் எனக்கு இந்த வாழ்க்கை கிடையாது.

இனி சைக்கிள் விஷயம்.

பிளஸ் ஒன் சேர்ந்த எங்கள் எல்லோருக்கும் அரசு இலவச சைக்கிள் கொடுத்தது. எங்கள் தெருவிலிருந்து பள்ளிக்குப் போக இரண்டு வழி. ஒன்று ஊர்த்தெரு வழியாக, மற்றொன்று குளத்துக்கரையைச் சுற்றி. ஊர்த்தெருவில் எங்கள் ஆட்கள் சைக்கிளில் இருந்து இறங்கி உருட்டிக்கொண்டுதான் போவார்கள். அப்படிச் செய்யச் சொல்லி எந்தச் சுவரிலும் எழுதியிருக்கவில்லை. என் அப்பா இறங்கினார், அதற்கு முன் தாத்தா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். நான் வம்பே வேண்டாம் என்று குளத்துக்கரையைச் சுற்றிப் போனேன். என் பக்கத்து பெஞ்ச் நண்பன், பக்கத்து வீட்டுக்காரன், ஊர்த்தெருவில் மிதித்துக்கொண்டே போனான். "கவருமெண்டு குடுத்த சைக்கிளு, உருட்டவா குடுத்தான்?" என்பான்.

ஒரு வாரம் போனான். அடுத்த வாரம் பேருந்து நிறுத்தத்தில் ஐந்து பேர் அவனை மறித்து அடித்தார்கள். மூன்று பேர் எங்கள் வகுப்பு. எல்லார் மணிக்கட்டிலும் ஒரே நிறக் கயிறு. சைக்கிளின் இரண்டு சக்கரத்தையும் கல்லைப் போட்டு வளைத்தார்கள். நான் எதிர்ப்பக்கப் பெட்டிக்கடை ஓரமாக நின்றுகொண்டிருந்தேன்.

தலைமை ஆசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "நீ நல்லா படிக்கிற பையன். நீ பாத்தியா?" என்று கேட்டார். கேள்வியிலேயே பதிலும் இருந்தது. "பாக்கல சார்" என்றேன்.

இரண்டு தரப்பும் தப்பு செய்ததாக எழுதி வாங்கினார்கள். நண்பனின் அப்பாவிடம், பையனை அடக்கி வைக்கச் சொன்னார்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே அவன் டி.சி. வாங்கிப் போய்விட்டான். அதில் நடத்தை 'நன்று' என்று எழுதியிருந்தது. அடித்தவர்கள் எங்களோடு பிளஸ் டூ முடித்தார்கள். அவர்களில் ஒருவன் மே மாதச் சந்திப்பின் வரவேற்புக் குழுவில் இருந்தான். எனக்கும் ரோஜாப்பூ கொடுத்தான்.

அதே ஆண்டு, ஆண்டுவிழாவில் முதல் மதிப்பெண்ணுக்காக என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். தலைமை ஆசிரியர் என் தோளில் கை வைத்து மைக்கில் சொன்னார்: "இந்தப் பையனைப் பாருங்க. எந்தத் தெருவுல இருந்து வந்திருக்கான்! படிச்சா யாரு தடுக்கப் போறா?" கைதட்டினார்கள். நான் எவர்சில்வர் தட்டை வாங்கிக்கொண்டு இறங்கினேன். அந்தப் பள்ளியில் சாதி இல்லை என்பதற்கு அன்று முதல் நான்தான் சாட்சி. இன்றுவரை குழுவில் யாராவது சாதிப் பேச்சை எடுத்தால், "நம்ம டாக்டரு இல்லையா?" என்று என்னைத்தான் காட்டுகிறார்கள்.

இந்த 'டாக்டரு' பற்றியும் சொல்ல வேண்டும். நான் இன்னும் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கவில்லை. எங்கள் வகுப்பில் பையன்கள் தங்களுக்குள் 'மாப்ள', 'மாமா', 'பங்காளி' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். எங்கள் தெருப் பையன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அன்பாகத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் மாப்ள என்றால் பெண் கொடுக்கிற உறவு. விளையாட்டுக்குக்கூட அந்தச் சொல் எங்கள் பக்கம் வந்ததில்லை. 15 ஆண்டு கழித்து எனக்கு ஒரு பட்டம் கிடைத்திருக்கிறது, உறவுமுறை இன்னும் கிடைக்கவில்லை.

"நம்ம பேட்ச்ல சாதி இல்ல" என்ற வாக்கியத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். எந்த வழியாகப் பள்ளிக்குப் போவது என்று யோசிக்கவே தேவையில்லாமல் இருந்தவர்களின் நினைவு அது. ஸ்காலர்ஷிப் படிவம் வரும்போது "எஸ்.சி. பசங்க எல்லாம் எந்திரிங்க" என்று வகுப்பாசிரியர் சொல்வார். உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது ஐந்து நிமிட இடைவேளை. அதை அவர்கள் மறந்துவிட்டதில் ஆச்சரியம் இல்லை. எழுந்து நின்றவர்களால் மறக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று, பேட்ச் என்று யாரைச் சொல்கிறோம்? பிளஸ் டூவில் எடுத்த குரூப் போட்டோவில் இருப்பவர்களை. எங்கள் தெருவிலிருந்து ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் பதினான்கு பேர். போட்டோவில் நாங்கள் ஐந்து பேர். வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பேர். பள்ளி வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும் உரிமையே கடைசிவரை தாக்குப்பிடித்தவர்களுக்குத்தான் கிடைக்கிறது. இடையில் போனவர்களுக்குச் சந்திப்பும் இல்லை, மலரும் இல்லை. வெளியேற்றப்பட்டவர்களைக் கழித்துவிட்டு மீதிப் பேரிடம் கேட்டால், எந்தப் பள்ளியும் பொற்காலமாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் பழைய கதை என்று சொல்வீர்களானால், 2019-ஐ நினைத்துப் பாருங்கள். மாணவர்கள் சாதி அடையாளமாகக் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு வந்தது. தனக்குத் தெரியாமல் அனுப்பிவிட்டதாக அன்றைய அமைச்சரே சொன்னார். சுற்றறிக்கை செயலுக்கு வரவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த தலித் மாணவனை அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதற்கு முன்பே அவன் பள்ளிக்குப் போகப் பயந்து வீட்டில் இருந்திருக்கிறான். அதாவது, இன்னும் சில வாரம் விட்டிருந்தால் அவனும் என் நண்பனைப்போல டி.சி. வாங்கிப் போயிருப்பான். நமக்கு அவனைத் தெரிந்தே இருக்காது.

அந்த மாணவன் மறு ஆண்டு பிளஸ் டூ தேர்வில் தேறினான். முதலமைச்சர் நேரில் அழைத்து வாழ்த்தினார். 'சாதித்துக் காட்டினார்' என்று செய்திகள் வந்தன. அவன் வென்றதில் எனக்கு அத்தனை மகிழ்ச்சி. ஆனால் அந்தத் தலைப்புகளைப் படித்தபோது என் தோளில் தலைமை ஆசிரியரின் கை இருப்பதுபோல் இருந்தது. ஒருவன் தேறிவிட்டால் கணக்கை முடித்துவிடுகிறோம். 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில் தேர்வெழுதப் பேருந்தில் போன பிளஸ் ஒன் மாணவனைக் கீழே இறக்கி விரல்களை வெட்டினார்கள். கணக்கு முடியவில்லை.

நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் 610 பக்க அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி பற்றிய பரிந்துரைகளைப் பற்றித்தான் டிவியில் சண்டை போட்டார்கள். அதில் எனக்கு முக்கியமாகப் பட்டவை சத்தமில்லாத சில வரிகள். வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது. எந்த ஆசிரியரும் மாணவரைச் சாதி குறிப்பிட்டு அழைக்கக் கூடாது. உதவித்தொகை விஷயத்தை வகுப்பில் அறிவிக்காமல் தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும். அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும். இவற்றுக்குப் பெரிய நிதியோ புதிய கட்டடமோ தேவையில்லை. நடக்கிறதா என்று யாராவது போய்க் கேட்டால் போதும்.

அந்த யாராவது முன்னாள் மாணவர்களாக ஏன் இருக்கக் கூடாது? 2022-இல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் முன்னாள் மாணவர்களைப் பள்ளிக்கு உதவ அழைக்கிறது. எங்கள் பேட்ச்சும் ஒரு தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கிக் கொடுத்திருக்கிறது. என் பங்கு 2,000 ரூபாய். வேண்டிய உதவிதான். ஆனால் இயந்திரத்தைத் திறந்து வைக்கப் போன அன்று எங்களில் ஒருவர்கூடப் பதிவேட்டைப் பற்றிக் கேட்கவில்லை. சென்ற ஆண்டு பாதியில் டி.சி. வாங்கியவர்கள் எத்தனை பேர், எந்தத் தெருக்காரர்கள், ஏன் போனார்கள் என்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பெயிண்ட் அடித்துக் கொடுப்பவர்களின் பேச்சுக்குப் பள்ளியில் மரியாதை இருக்கிறது. அந்த மரியாதையை இதற்கும் கொஞ்சம் செலவழிக்கலாம்.

இந்த ஆண்டு பிளஸ் டூ முடிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று. போட்டோ எடுங்கள், இங்க் அடியுங்கள், அழுங்கள். ஸ்லாம் புக்கில் ஒரு பக்கத்தை மட்டும் ஆறாம் வகுப்பில் உங்களோடு இருந்து இப்போது இல்லாதவர்களுக்கு ஒதுக்குங்கள். பெயர்களை எழுதுங்கள். முடிந்தால் அவர்கள் எண்ணைத் தேடி வாங்குங்கள். 15 ஆண்டு கழித்துத் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

மலர் வெளியான பிறகுதான் நான் என் நண்பனைத் தேடினேன். அவன் அம்மாவிடம் எண் வாங்கினேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறான். கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு, "அன்னைக்கு நான் பாத்தேன்னு சொல்லியிருக்கணும்ல" என்றேன்.

சிரித்தான். "தெரியும்ல. நீ பெட்டிக்கடைகிட்ட நின்னத நானும் பாத்தேன். சொல்லியிருந்தா உனக்கும் டி.சி.தான். ரெண்டு பேருமா சேந்து இங்க துணி வெட்டிக்கிட்டு இருப்போம்."

அவன் என்னை மன்னித்தானா, நடந்ததை நடந்தபடி சொன்னானா என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் வேறு பேச்சுக்குப் போய்விட்டான். "மவன் ஆறாம் கிளாஸ் போறாம்ல. இங்க வாடகை கட்டுபடியாகல. ஊருல நம்ம ஸ்கூல்லயே சேத்து, தன்கிட்ட விட்டுரச் சொல்லுது எங்கம்ம. நீதான் படிச்சவன், சொல்லு. சேக்கலாமா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அன்று இரவே அந்தக் கேள்வியை அப்படியே பேட்ச் குழுவில் போட்டேன், யாருடைய மகன் என்றும் சேர்த்து. நாற்பத்தொரு பேர் பார்த்திருக்கிறார்கள். நோட்ஸ் எழுதிக் கொடுத்த அந்த நண்பன் மட்டும் தனியாக ஒரு வரி அனுப்பியிருக்கிறான்: "திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போலாம், நானும் வாரேன்."