சில்லுக்கேற்ற நட்டு

தேருக்கு அச்சாணி எத்தகையதோ, மோட்டார் வண்டிக்குச் சில்லு நட்டு அத்தகையது. ஹற்றனிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வளைவுகளில் குடும்பத்தார் அனைவரின் உயிரையும் தாங்குவன அச்சிறு நட்டுகளே. ஆயினும், அழகிய அலோய் சில்லுகளை வாங்கிப் பொருத்தும் நம்மிற் பலர் பழைய நட்டுகளையே பூட்டிவிடுகின்றோம்.

முதற்கண் நோக்க வேண்டுவது நட்டின் முகம். டொயோட்டா நிறுவனத்தின் அலோய் சில்லுகள் பலவற்றுக்குத் தட்டை வாஷர் கொண்ட நட்டுகளும், ஹொண்டாவின் சில்லுகளுக்கு உருண்டை முக நட்டுகளும் உரியன. வெளியில் வாங்கும் சில்லுகளின் துளைகளோ பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு வடிவின. கூம்பில் உருண்டை முகம் அமர்ந்தால் மெல்லிய வளையமாகவே தொடும். இறுகியதுபோல் தோன்றி, ஓட்டத்தில் நெகிழும்.

அடுத்தது புரி. டொயோட்டா, ஹொண்டா கார்களின் 12 மில்லிமீற்றர் போல்ட்டுகளில் புரியிடைவெளி பொதுவாக 1.5 மில்லிமீற்றர், நிசான், சுசுக்கி கார்களில் 1.25. விட்டம் ஒன்றாயினும் புரி வேறு. ஆதலின் முதலில் விரலாலேயே நட்டை ஏற்றுவோம். தடைப்பட்டால் வலிந்து திருகலாகாது. போல்ட்டின் விட்டமளவேனும் புரி பிடித்தல் வேண்டும், 1.5 புரிக்கு அஃது எட்டுச் சுற்று.

பின்னர், எதிரெதிர் நட்டுகளை மாறிமாறி, வண்டியின் கைந்நூல் கூறும் அளவுக்கு டோர்க் ரெஞ்சினால் இறுக்குவோம். ஏறத்தாழ 100 கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் சரிபார்த்தல் அவசியம். சில்லின் அழகுக்குப் பெருந்தொகை ஈந்துவிட்டு, நட்டில் மிச்சம் பிடித்தல் சிக்கனமாகாது.