எடைக்குப் போன பள்ளிக்கூடம்

கிராமத்துப் பள்ளிக்கூடம் என்றதும் நம்ம ஆட்களுக்கு ஒரே உருக்கம்தான். வேப்பமரத்தடி, உடைந்த சிலேட்டு, சத்துணவு வரிசை, வாத்தியார் பிரம்பு... ஆளாளுக்கு எழுதித் தள்ளுகிறார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் ஊர்ப் பள்ளியில் முதன்முதலாகச் சேர்ந்த பெண் பிள்ளை யார், எந்த வருடம் என்று கேட்டுப் பாருங்கள். கப்சிப்!

பதில் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கிறது. பிள்ளையின் பெயர், அப்பா பெயர், சாதி, சேர்ந்த தேதி, நின்ற தேதி எல்லாம் அதில் உண்டு. எந்தத் தெருப் பிள்ளைகள் எந்த வருடம்தான் உள்ளே வர முடிந்தது, எத்தனை பேர் மூன்றாம் வகுப்போடு நின்றுபோனார்கள் என்பதெல்லாம் ஊர்ப் பெரியவர்கள் சொல்ல மாட்டார்கள். (ஏன் சொல்வதில்லை என்பதும் அதைப் படித்தால் புரிந்துவிடும்.)

அதை நாம் என்ன செய்கிறோம்? எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் புதுக் கட்டிடம் வந்தபோது பழைய பதிவேடுகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். அதே பள்ளியின் நூற்றாண்டு விழாவுக்குப் பெரிய வளைவு கட்டி நன்கொடையாளர் பெயர்களைக் கல்லில் வெட்டினார்கள்! நான் படிப்பது பி.காம். ஒரு கம்பெனி தன் கணக்குப் புத்தகங்களை 8 வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்கிறது 2013-ம் வருடத்து கம்பெனிகள் சட்டம். சோப்பு விற்ற கணக்குக்கு இருக்கும் மரியாதை நம் தாத்தா பாட்டி படித்த கணக்குக்கு இல்லை.

வெள்ளைக்காரன் கணக்கு மட்டும் பத்திரமாக இருக்கிறது. சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் கலெக்டர்களிடம் பள்ளிக் கணக்கு கேட்டார். 1826-ல் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதில் பெண்கள் 4,540 பேர்தான், நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. 'அந்தக் காலத்தில் எல்லோரும் படித்தார்கள்' என்பவரும், 'வெள்ளைக்காரன் வந்துதான் பள்ளிக்கூடமே வந்தது' என்பவரும் இந்த ஒரே கணக்கின் முன்னால் வாயை மூட வேண்டியதுதான்.

காமராஜர் ஆட்சியில், நெ.து.சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்தபோது, 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர் மக்கள் நிலம், பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம் என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். உங்கள் ஊரில் கொடுத்தது யார்? அந்தப் பட்டியல் எங்கே?

'இப்போதுதான் எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறதே' என்பார்கள். அதில் இருப்பது இன்றைய பிள்ளைகள் சார். 1940-ல் சேர்ந்தவரை யார் ஏற்றினார்கள்? சாதி விவரம் இருப்பதால் நெட்டில் போடக் கூடாது, சரி. தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, பக்கம் பக்கமாகச் செல்போனில் படம் எடுத்து, ஒரு பிரதியைப் பள்ளியிலும் ஒன்றை மாவட்ட மைய நூலகத்திலும் பூட்டி வைக்கலாமே? இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். வளைவுக்கு ஆன செலவில் சிமெண்ட் காசுகூட ஆகாது.