பார்க்க மட்டுமா, விற்கவுமா?



கொழும்புப் பங்குச் சந்தையில் கணக்கு வைத்திருக்கும் ஒரு தம்பி, தன் பங்குகளை ஸ்கிரீன்ஷொட் எடுத்து ஏஐயிடம் காட்டி ஆலோசனை கேட்கிறார். இந்தியாவில் அந்த வேலையும் மிச்சம். ஜெரோதா நிறுவனம் 2025இல் கைட் எம்சிபி என்ற இணைப்பைக் கொடுத்தது. நாம் லொகின் செய்து அனுமதித்தால் எந்தப் பங்கு, எத்தனை, என்ன விலைக்கு வாங்கியது என்று ஏஐயே எடுத்துக்கொள்ளும். எந்தக் கருவியைக் கூப்பிடுவது என்பதையும், அதற்கு எழுதிய விளக்கத்தை வாசித்துத்தான் முடிவுசெய்கிறது. வாசிக்காமல் விடுவது நாம்தான்!

நிறுவனம் நடத்தும் இணைப்பில் ஓடர் போடும் கருவி இல்லை. அதே நிரலை நாமே நிறுவினால் அதுவும் வரும். இது விளக்கத்தின் முதல் வரியிலேயே இருக்க வேண்டும் என்பேன். பாஸ்புக்கைப் பார்க்கக் கொடுப்பதும், கையெழுத்துப் போட்ட காசோலையைக் கொடுப்பதும் ஒன்றா? இங்கேயும் இப்படி வந்தால், அந்த வரியைத் தமிழில் கேட்டு வாங்குங்கள்.